வானத்துக்கு வாடகை

கூலிக்குக் கூட்டம் சேர்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்பது நம்முடைய பழம்பெருமைகளில் ஒன்று. ஒரு லாரி, பிரியாணிப் பொட்டலம், தலைக்கு இவ்வளவு என்று ஒரு ரேட், கையில் கொடி. எந்தக் கட்சி, என்ன கோரிக்கை என்பதெல்லாம் லாரியைவிட்டு இறங்கிய பிறகு கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் பெருமைக்கு 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பங்கம் வந்தது.

அந்த ஊரில் மாஸ்கோனி சென்டர் என்று பெரிய மாநாட்டு அரங்கம். அதன் வாசலில் திடீரென்று ஓர் ஆர்ப்பாட்டம். 'சாஃப்ட்வேர்' என்று எழுதி, அதன்மேல் சிவப்பு வட்டம் போட்டு, குறுக்கே கோடு இழுத்த அட்டைகள். சாஃப்ட்வேர் ஒழிக, இன்டர்நெட் வாழ்க என்கிற பாணியில் கோஷங்கள். மைக்கும் கேமராவுமாக ஒரு டி.வி. குழு ஓடி ஓடிப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் சம்பளத்துக்கு வந்த நடிகர்கள். டி.வி. குழுவும் நடிகர்கள்தான். அப்படி ஒரு சேனலே கிடையாது. போலிப் போராட்டத்துக்குப் போலி நிருபரையும் கூடவே கூட்டிவரும் சாமர்த்தியம் நம் வட்டச் செயலாளர்களுக்கு இன்றுவரை கைவரவில்லை.

அரங்கத்துக்குள் நடந்துகொண்டிருந்தது சீபல் சிஸ்டம்ஸ் கம்பெனியின் கஸ்டமர் மாநாடு. விற்பனைத் துறைக்கான சாஃப்ட்வேரில் அன்றைக்குச் சீபல்தான் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியிடம் சரக்கு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் கோட் போட்ட ஒருவர் வருவார். பிறகு லைசென்ஸுக்கு லட்சக்கணக்கான டாலர். அதை ஓட்டுவதற்குச் சர்வர்கள் தனி. சர்வர்களை வைக்க ஏ.சி. அறை தனி. எல்லாவற்றையும் பொருத்தித் தர ஆலோசகர்கள் ஒரு படையாக வந்து தங்குவார்கள். மணிக்கணக்கில் கட்டணம், மதியச் சாப்பாட்டு நேரமும் சேர்த்துத்தான். ஒரு வருடம் கழித்து எல்லாம் தயார் என்று அறிவிக்கும்போது, விற்பனைப் பிரதிநிதி பழையபடி பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டிருப்பார்.

வாசல் கூத்தைப் பார்த்த சீபல் ஆட்கள் சிரித்துவிட்டு உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற பெயர் தெரியாத கம்பெனிக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது.

அந்தக் கம்பெனி சேல்ஸ்ஃபோர்ஸ். முதலாளி மார்க் பெனியாஃப். டேட்டாபேஸ் விற்கும் ஓரக்கிள் கம்பெனியில் 26 வயதிலேயே துணைத் தலைவராகிவிட்ட ஆள். சம்பாதித்தது அலுத்துப்போய் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஹவாயில் டால்ஃபின்களோடு நீந்தினார். கேரளத்துக்கு வந்து மாதா அமிர்தானந்தமயியைச் சந்தித்தார். இவ்வளவு ஞானம் சேர்ந்தால் நம் ஊரில் ஓர் ஆசிரமமாவது தொடங்குவார்கள். இவர் 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டெலிகிராஃப் ஹில்லில் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் கடை போட்டார். சாஃப்ட்வேரை நீங்கள் வாங்க வேண்டாம். எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். நீங்கள் பிரவுசரைத் திறந்து உபயோகித்துவிட்டு ஆளுக்கு மாதம் 50 டாலர் கொடுத்தால் போதும். இதுதான் சரக்கு. சாஃப்ட்வேர் ஒழிக என்று கத்திக்கொண்டே அவர் விற்றது அசல் சாஃப்ட்வேர் என்பதை அந்த ஆரவாரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த கூத்து ஃபிரான்ஸில். கான் நகரத்தில் சீபலின் ஐரோப்பிய மாநாடு. வருகிறவர்கள் நீஸ் விமான நிலையத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து முக்கால் மணி நேரம் போக வேண்டும். பெனியாஃபின் ஆட்கள் அந்த விமான நிலையத்து டாக்ஸிகளை மொத்தமாக வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். சீபல் கஸ்டமர் வந்து பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், பக்கத்தில் சேல்ஸ்ஃபோர்ஸ் ஆள் காகிதக் கத்தையோடு தயாராக இருப்பார். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவா முடியும்? முக்கால் மணி நேரம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சீபல் மறுபடியும் போலீஸைக் கூப்பிட்டது. ஒரு முறை சுட்டுக்கொண்டவர்கள் இரண்டாம் முறையும் அதே அடுப்பில் கை வைத்ததை என்னவென்று சொல்வது. 2005-ல் சீபலை 585 கோடி டாலருக்கு ஓரக்கிள் வாங்கி விழுங்கியது. சேல்ஸ்ஃபோர்ஸோ இன்றைக்கு அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் 61 மாடிக் கோபுரத்தில் பெயரைப் பொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊரிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் யோசனை பெனியாஃப் பெற்ற பிள்ளை இல்லை. 1961-லேயே எம்.ஐ.டி. நூற்றாண்டு விழாவில் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி, கம்ப்யூட்டரின் சேவை ஒரு நாள் டெலிஃபோன் இணைப்பு மாதிரி பொதுச் சேவையாகலாம் என்று பேசியிருக்கிறார். அறுபதுகளில் பெரிய கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தொழிலும் நடந்தது. மெக்கார்த்தியிடம் சரக்கு இருந்தது, டாக்ஸி இல்லை.

இந்த இடத்தில் லாரி எல்லிசனைப் பற்றிச் சொல்லாவிட்டால் புராணம் நிறைவடையாது. ஓரக்கிளின் அதிபர். பெனியாஃபின் குரு. சிஷ்யன் தனிக்கடை போடப்போகிறான் என்றதும் 20 லட்சம் டாலர் முதலீடு கொடுத்து, இயக்குநர் குழுவிலும் உட்கார்ந்தார். பிறகு ஓரக்கிளும் அதே மாதிரி ஒரு சரக்கை இறக்கியது. குருவே, எழுந்து போங்கள் என்றார் சிஷ்யன். குரு சுலபத்தில் எழுந்திருக்கவில்லை. 2008-ல் இந்த வாடகை ஏற்பாட்டுக்குக் கிளவுட், அதாவது மேகம், என்று பெயர் சூட்டி உலகமே பிதற்றத் தொடங்கியபோது எல்லிசனுக்குப் பொறுக்கவில்லை. நாம் எல்லாரும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்குத்தான் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், பெண்களின் உடை அலங்காரத்தைவிட மோசமாக இந்தத் தொழிலில் ஃபேஷன் மாறுகிறது, இது முழு உளறல் என்று ஒரு கூட்டத்தில் போட்டுத் தாக்கினார். பேச்சு நியாயமானதுதான். அதே ஆண்டு டெல் கம்பெனி, 'கிளவுட் கம்ப்யூட்டிங்' என்ற தொடரையே தனக்கு மட்டும் டிரேட்மார்க்காக எழுதி வாங்கிக்கொள்ளும் கடைசிப் படிவரை போய்விட்டது. ஊர் கூடிச் சத்தம் போட்ட பிறகு அமெரிக்க அரசு அலுவலகம் ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றது. வானத்துக்குப் பட்டா கேட்ட கம்பெனி என்ற பெருமை டெல்லுக்கு உண்டு.

உளறல் என்று சொன்ன எல்லிசனே 2012-ல் ஓரக்கிள் கிளவுடை மேடையேற்றினார். 2025 செப்டம்பர் 10-ம் தேதி, வந்து குவிந்த கிளவுட் ஆர்டர்களைக் கேள்விப்பட்டு ஓரக்கிள் பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஏறியது. அன்றைக்குச் சில மணி நேரம் உலகத்தின் முதல் பணக்காரர் எல்லிசன்தான். உளறலுக்கு இவ்வளவு விலை உண்டென்றால் நம் டி.வி. விவாதங்களில் பேசுகிறவர்கள் எல்லாரும் எங்கேயோ போயிருக்க வேண்டும்.

இனி புத்தகக் கடைக்காரர். அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் கிளவுடுக்கு வந்ததைப் பற்றி ஓர் அழகான கட்டுக்கதை உலவுகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்கள் மற்ற மாதங்களில் சும்மா கிடந்தனவாம். அவற்றை வாடகைக்கு விட்டாராம். கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த கிறிஸ்துமஸ் வந்ததும் குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வதா என்று யோசித்தால் கதை நொண்டும். அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸே இதை மறுத்துவிட்டார். உண்மை இன்னும் சாதாரணமானது. கம்பெனிக்குள் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே டேட்டா வைக்கும் ஏற்பாட்டை முதலிலிருந்து கட்டிக்கொண்டு மாதங்களைத் தின்றது. இனிமேல் ஒரு குழு இன்னொரு குழுவோடு முறையான இடைமுகம் வழியாகத்தான் பேச வேண்டும், மீறினால் வேலை போகும் என்று பெசோஸ் உத்தரவு போட்டதாக, அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி பின்னாளில் எழுதினார். ஒரே ஆபீசுக்குள் அடுத்த மேஜைக்காரரிடம் வாய்விட்டுப் பேசாமல் காரியத்தை முடிக்கும் முறை பிறந்தது. பிறகு அதையே வெளியாருக்கும் விற்றார்கள்.

2006 மார்ச் 14-ம் தேதி எஸ்3 என்ற கிடங்கு திறந்தது. ஒரு ஜி.பி.க்கு மாதம் 15 சென்ட். ஆகஸ்டில் இ.சி.2 என்ற பெயரில் கம்ப்யூட்டரே வாடகைக்கு, மணிக்கு 10 சென்ட். இந்த இரண்டாவதைக் கட்டியது அமேசானின் ஊரான சியாட்டிலில் இல்லை. கிறிஸ் பிங்கம் என்ற பொறியாளர், எனக்குச் சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்றார். சரி, போய் அங்கேயே ஓர் ஆபீஸ் போடு என்றது அமேசான். அவருடைய ஊர் தென்னாப்பிரிக்கா. கேப் டவுனில் சின்னக் குழுவொன்று உட்கார்ந்து கட்டியதுதான் இன்று பாதி உலகம் ஓடுகிற வண்டி. லீவு கேட்டு மனு எழுதினால் முகம் சுளிக்கும் மேலாளர்கள் இந்தப் பத்தியை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நவம்பரில் 'பிசினஸ் வீக்' பத்திரிகை பெசோஸின் படத்தை அட்டையில் போட்டு, இது ஆபத்தான சூதாட்டம், கடையைக் கவனித்தால் போதாதா என்கிற வால் ஸ்ட்ரீட் கவலையை வெளியிட்டது. 2024-ல் அமேசானின் செயல்பாட்டு லாபத்தில் பாதிக்குமேல் இந்த வாடகை வரும்படிதான். கடையை இன்னும் யாரோ கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மணிக்கு 10 சென்ட் என்றதும் ஸ்டார்ட்அப் பிள்ளைகளுக்கு விடிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு வெப்சைட் தொடங்குவதென்றால் முதலீட்டாளர் கொடுத்த பணத்தை அப்படியே சர்வர் விற்கும் சன் கம்பெனிக்கும் ஓரக்கிளுக்கும் மொய் எழுதிவிட்டுத்தான் முதல் வரி புரோகிராம் எழுத முடிந்தது. இப்போது ஒரு கிரெடிட் கார்டு போதும். அப்பாவுடையதாக இருந்தாலும் பாதகமில்லை. ஃபைல்களை இன்டர்நெட்டில் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் இந்தக் கூட்டத்தில் வந்த கெட்டிக்காரன். அமேசானிடம் கிடங்கை வாடகைக்கு எடுத்து, அதைச் சின்னச் சின்னதாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது வாடகை.

டிராப்பாக்ஸ் விளம்பரம் செய்த லட்சணம் தனிக்கதை. கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கஸ்டமரைப் பிடிக்க 233 டாலரிலிருந்து 388 டாலர் வரை ஆனது. விற்கிற பொருளின் விலை 99 டாலர். நூறு கஸ்டமர் கூடினால் திவால், ஆயிரம் கூடினால் ஜப்தி என்ற கணக்கு. அதற்கு முன்பே, 2008-ல், சரக்கு முழுசாகத் தயாராகாத நிலையில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வெளியிட்டிருந்தார்கள். அதில் வந்த ஃபைல்களின் பெயர்களில் அந்தக் காலத்து இன்டர்நெட் பித்தர்களுக்கு மட்டும் புரியும் நக்கல்களை ஒளித்து வைத்திருந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000 பேரிலிருந்து 75,000 பேராக ஊதியது. காசு கொடுத்த விளம்பரம் தோற்றது, கிண்டல் ஜெயித்தது. பிறகு, நண்பரைக் கூட்டிவந்தால் இருவருக்கும் கூடுதல் இடம் இலவசம் என்றார்கள். மனிதன் காலி இடத்துக்காகச் சொந்த மச்சானையும் பிடித்துக் கொடுப்பான் என்பது நம் ரியல் எஸ்டேட்காரர்களுக்கு முன்பே தெரியும்.

உள்வாடகை உலகத்தின் லட்சணம் 2017 பிப்ரவரி 28 அன்று தெரிந்தது. எஸ்3-ல் பில் போடும் பகுதி மந்தமாக ஓடுகிறதே என்று அமேசான் பொறியாளர் ஒருவர் சில சர்வர்களை மட்டும் கழற்றப் போனார். கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தப்பாகத் தட்டிவிட்டார். நினைத்ததைவிடப் பெரிய கூட்டம் கழன்று விழுந்தது. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் அமெரிக்க இன்டர்நெட்டில் கணிசமான பகுதி படுத்துக்கொண்டது. உச்சக்கட்டம் இனிமேல்தான். எந்தச் சேவை ஓடுகிறது, எது படுத்திருக்கிறது என்று காட்டும் அமேசானின் சொந்தப் பலகையை மாற்றி எழுத முடியவில்லை. அந்தப் பலகையும் எஸ்3-ஐ நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே இருட்டில் கிடக்க, பலகை மட்டும் எல்லாம் நலம் என்று பச்சை காட்டிச் சிரித்தது. அமேசான் கடைசியில் ட்விட்டரில் போய், நாங்கள் விழுந்துகிடக்கிறோம் என்று அறிவித்தது.

மேலே மேகம் இப்படி என்றால் கீழே கைபேசியில் வேறு கூத்து. 2007 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐஃபோனுக்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம், பிரவுசருக்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று பொறியாளர்களிடம் சொன்னார். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, அக்டோபரிலேயே மனம் மாறினார். 2008 ஜூலையில் சுமார் 500 ஆப்களோடு ஆப்பிளின் ஆப் கடை திறந்தது. முதல் வார இறுதியிலேயே 1 கோடி டவுன்லோடு. விற்பதில் 30 சதவீதம் ஆப்பிளுக்கு. கடைத்தெருவில் தரை வாடகை வசூலிக்கும் பழைய முறைதான். முதலீட்டாளர்கள் 10 கோடி டாலரை மூட்டை கட்டிக்கொண்டு, மனித குலத்தை மாற்றப்போகும் ஆப் எங்கே என்று அலைந்தார்கள்.

மனித குலம் மாறிய விதத்தைப் பாருங்கள். ஆகஸ்டில் ஒரு ஜெர்மானியர் 'ஐ ஆம் ரிச்' என்று ஓர் ஆப் விட்டார். விலை 999 டாலர் 99 சென்ட். திறந்தால் ஒரு சிவப்புக் கல் மின்னும். வேறு எதுவும் செய்யாது. அழுத்தினால் நான் பணக்காரன் என்கிற பாட்டை எழுத்துப் பிழையோடு காட்டும். ஆப்பிள் மறுநாளே தூக்கிவிட்டது. அதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். டிசம்பரில் குசுச் சத்தம் போடும் ஆப் ஒன்று வந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் கட்டண ஆப்களில் முதலிடத்தைப் பிடித்தது. ஆராய்ச்சி, முதலீடு, சந்தை ஆய்வு எதுவும் இல்லை. நம் நான்காம் வகுப்புக் கடைசி பெஞ்சில் இலவசமாகக் கிடைத்த சேவைக்கு 99 சென்ட் விலை வைத்தார்கள், அவ்வளவுதான். திரையில் பீர் நிரம்பி, ஃபோனைச் சாய்த்தால் குறையும் ஆப் ஒன்றும் சக்கைப்போடு போட்டது. எங்கள் பீரைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று அதன் முதலாளிகள் ஒரு நிஜ பீர் கம்பெனிமேல் 1.25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் தனியாட்கள். செலவு சொற்பம், சிரிப்பும் கிடைத்தது. பெரிய மனிதர்கள் செய்தது 2011 மார்ச்சில் வந்த 'கலர்'. ஆப் வெளிவரும் முன்பே 4.1 கோடி டாலர் முதலீடு. இணைய முகவரிக்கு மட்டும் 3.5 லட்சம் டாலர். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் தேடுகிறவர்கள் வழிதவறிவிடக் கூடாதே என்று அதற்குத் தனியாக 75,000 டாலர். ஆப் என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கிறவர்கள், அதே ஆப்பில் எடுக்கிற படங்களைக் காட்டும். பக்கத்தில் அந்த ஆப் வைத்திருப்பவர் யாரும் இல்லையென்றால் ஒன்றும் காட்டாது. முதல் நாள் இறக்கிப் பார்த்தவர்களில் அநேகம் பேருக்கு வெள்ளைத் திரை. கலர் என்று பெயர் வைத்து வெள்ளையைக் காட்டிய அந்தக் கம்பெனி 2012 இறுதியில் கடையைக் கட்டியது. 99 சென்ட் குசுவுக்கு வருமானம் இருந்தது.

இந்தக் காலத்தில்தான் சென்னை உள்ளே நுழைகிறது. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம், சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோவில் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் ஆஸ்டினிலிருந்து வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்தபோது டி.வி. உடைந்து வந்தது. இன்ஷூரன்ஸ் பணத்துக்கு மாதக்கணக்கில் மெயில், ஃபோன். பதில் இல்லை. நொந்துபோய் இன்டர்நெட்டில் நாலு பேர் கூடுகிற இடத்தில் எழுதிப் போட்டார். மறுநாளே அந்தக் கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டு வந்தார், பணமும் வந்தது. இது நடந்து கொஞ்ச நாளில், 2010-ல், கஸ்டமர் புகார்களைக் கையாளும் ஜென்டெஸ்க் கம்பெனி விலையைச் சிலருக்கு 60 முதல் 300 சதவீதம் வரை ஏற்றியது. கஸ்டமர் திட்டுவதை ஒழுங்குபடுத்தித் தரும் கம்பெனியை கஸ்டமர்கள் திட்டித் தீர்த்தார்கள். வேறொருவருக்கு இது நல்ல வாய்ப்பு என்று அந்தத் திட்டுகளுக்கு நடுவே ஒருவர் எழுதிய வரியைக் கிரீஷ் படித்தார். நண்பர் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து, அதே வேலையைச் செய்யும் ஃப்ரெஷ்டெஸ்க் கம்பெனியைத் தொடங்கினார். முதல் கஸ்டமர் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் கிரெடிட் கார்டு நம்பரைத் தட்டிவிட்டுப் போகிற கஸ்டமரைச் சென்னை அதுவரை அதிகம் பார்த்ததில்லை.

சீபல் செய்த தப்பை 2011 இறுதியில் ஜென்டெஸ்க் செய்தது. அதன் தலைவர் மிக்கேல் ஸ்வேன், ஃப்ரெஷ்டெஸ்க் அப்பட்டமான காப்பி என்கிற அர்த்தத்தில் ட்விட்டரில் பொரிந்து தள்ளினார். சென்னைக்காரர்கள் வாய்தா கேட்கவில்லை. 'ரிப்ஆஃப் ஆர் நாட்' என்ற பெயரிலேயே ஒரு வெப்சைட் போட்டு, அந்த வசவை அப்படியே மாட்டி, தங்கள் பதிலையும் பக்கத்தில் வைத்து, நீங்களே சொல்லுங்கள் ஐயா என்று ஊரைக் கூப்பிட்டார்கள். அதுவரை ஃப்ரெஷ்டெஸ்க் பெயரையே கேள்விப்படாதவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களில் சிலர் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

பிற்பாடு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய இந்தக் கம்பெனி, சான் ஃபிரான்சிஸ்கோவில் சேல்ஸ்ஃபோர்ஸ் நடத்தும் வருடாந்தர மாநாட்டுக்கு மேலே 'ஃபெயில்ஸ்ஃபோர்ஸ்' என்று எழுதிய ராட்சத பலூனைப் பறக்கவிட்டது. சேல்ஸ்ஃபோர்ஸ் அன்றைக்குச் சீபலுக்குச் செய்தது, அதற்கே வட்டியோடு திரும்பி வந்து சேர்ந்தது. ஜோஹோவும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ரகசியங்களை எடுத்துவிட்டார்கள் என்று 2020-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ்மேல் வழக்குப் போட்டது. சென்னையின் ஜி.எஸ்.டி. ரோட்டு ஜோஹோவுக்கும் ஓ.எம்.ஆர். ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கும் நடுவிலான தகராறு, கோர்ட் கலிஃபோர்னியாவில். அடுத்த ஆண்டு சமரசமானது.

2021 செப்டம்பர் 22 அன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் ஏறியது. பங்கு விலை 36 டாலர், திரட்டியது 103 கோடி டாலர். கம்பெனிக்குள் அந்த ஏற்பாட்டுக்கு வைத்திருந்த ரகசியப் பெயர் 'ப்ராஜெக்ட் சூப்பர் ஸ்டார்'. கிரீஷ் ரஜினி ரசிகர். ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனதாகப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டே பங்கு அந்த விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. கோடீஸ்வரர் பட்டியலைத் திருத்தி வெளியிட எந்தப் பத்திரிகைக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஜென்டெஸ்கை வாங்க 2022 பிப்ரவரியில் சுமார் 1,700 கோடி டாலர் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஜூனில் 1,020 கோடிக்குச் சம்மதித்தார்கள். ஸ்வேன் சென்னைக்குச் செய்துகொடுத்த விளம்பரத்துக்கு மட்டும் இன்றுவரை பில் வரவில்லை.